ஊசியில் காத்திருக்கும் உடைகள்



பின்னல் வேலை தெரிந்த பெண்மணி வாழும் எந்த இல்லத்திலும் ஒரு பை உண்டு. அலமாரியின் அடித்தட்டிலோ, கட்டிலின் கீழோ, தையல் இயந்திரத்தின் மேலோ அது கிடக்கும். திறந்து பார்த்தால் முதுகுப் பகுதி மட்டும் முடிந்த ஒரு ஸ்வெட்டர், இணையில்லாத ஒரு காலுறை, ஒரு கை பின்னப்பட்டு மறு கைக்காகக் காத்திருக்கும் குழந்தைச் சட்டை, எதற்காகத் தொடங்கினோம் என்பது தொடங்கியவருக்கே மறந்துபோன ஒரு சதுரத் துண்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த மகள், மலைப்பள்ளியில் சேர்க்கப்பட்ட பேரன், இரவில் இருமும் கணவர் என யாரையேனும் நினைத்துத்தான் முதற் கண்ணியை ஏற்றியிருப்போம். அவர்களோ வளர்ந்துகொண்டும் முதிர்ந்துகொண்டும் இருக்கிறார்கள். பைக்குள் இருக்கும் உடை மட்டும் தொடங்கிய நாளின் அளவிலேயே நிற்கிறது.

இப்பக்கத்துக்கு வரும் மடல்களில் புதிய மாதிரிகள் கேட்போரைவிட, "தொடங்கியதை எப்படி முடிப்பது?" என்று கேட்போரே மிகுதி. ஆகவே இம்மாதம் புதிய மாதிரி எதுவும் தரவில்லை. பையைத் திறப்போம்.

கன்னியர் மடங்களின் தையல் வகுப்புகளில் பயின்ற நம்மில் பலருக்கு ஒரு சட்டம் மனத்தில் பதிந்திருக்கிறது: ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொடாதே. வகுப்பில் ஐம்பது சிறுமியரை ஒருசேர நடத்த வேண்டிய ஆசிரியைக்கு அச்சட்டம் தேவைதான். குடும்பத் தலைவிக்கு அது பொருந்துவதில்லை என்பதே என் கருத்து. பேருந்தில் செல்லும்போதும், மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கும்போதும், கண்ணிக்கணக்கு நிறைந்த சித்திரப் பின்னலைக் கையில் எடுக்க இயலுமா? அங்கே நேர்வரிசையாகச் செல்லும் மஃப்ளரோ, காலுறையோதான் ஒத்துவரும். பிள்ளைகள் உறங்கியபின் விளக்கடியில் அமரும் ஒரு மணி நேரத்துக்கு, மனத்தை ஈர்க்கும் நுட்பமான வேலை வேண்டும். இவை இரண்டுக்கும் அப்பால், தேதி குறிக்கப்பட்ட வேலை ஒன்று எப்போதும் இருக்கும்: ஞானஸ்நானத்துக்கு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, அல்லது உதகையிலும் கோடைக்கானலிலும் உறைபனி விழும் மார்கழிக்கு. ஆக மூன்று வேலைகள் ஒரே காலத்தில் நடைபெறுவது இயல்பு. தேதியிட்ட வேலைக்கு மட்டும் நாள்தோறும் சில வரிசைகளேனும் உண்டு என்று வைத்துக்கொண்டால், மற்ற இரண்டும் தத்தம் வேகத்தில் நகரும். நான்காவதாக ஒன்றைத் தொடங்கும் ஆசை, கடையில் புது நிறக் கண்டைக் காணும்போது வரும். வாங்கி வையுங்கள், ஏதேனும் ஓர் ஊசி விடுபடும் வரை கண்ணி ஏற்றாதீர்கள்.

பல வேலைகளை ஒன்றாக நடத்துவோர் இடர்ப்படுவது பெரும்பாலும் நினைவாற்றலால்தான். "எந்த ஊசியில் தொடங்கினேன்? எத்தனையாவது வரிசையில் கண்ணி குறைத்தேன்?" என்ற ஐயம் எழுந்ததுமே வேலை மீண்டும் பைக்குள் போய்விடுகிறது. நம் நாட்டில் வழங்கும் பழைய ஆங்கில ஊசி எண்கள் இக்குழப்பத்தை வளர்க்கின்றன. ஏனெனில், எண் கூடக் கூட ஊசி மெலிகிறது. 8-ஆம் எண் ஊசி 4 மி.மீ. தடிப்புள்ளது, 14-ஆம் எண் ஊசியோ 2 மி.மீ. மட்டுமே. புதிதாக வரும் மாதிரிகளில் மில்லிமீட்டர் கணக்கே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துணிப்பை, அதனுள் ஒரு சிறு அட்டை. அட்டையில் யாருக்கு, எந்த அளவு, ஊசியின் எண், கடைசியாக முடித்த வரிசை ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள். நூற்கண்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையையும் அதிலேயே போட்டு வையுங்கள். அப்பட்டையில் அச்சிட்டிருக்கும் லாட் எண் மிக முக்கியமானது. ஒரே நிறமேயாயினும் வெவ்வேறு தொட்டியில் சாயமேறிய நூல் சற்றே மாறுபடும். கடை விளக்கொளியில் அது தெரியாது, ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் வெயிலில் நிற்கும்போது கை ஒரு நிறமும் மார்பு ஒரு நிறமுமாகத் தெரியும். ஓர் உடைக்கு வேண்டிய நூல் முழுவதையும், ஒரு கண்டு கூடுதலாகவே, ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது.

வரிசையின் நடுவில் ஒருபோதும் வேலையை நிறுத்தாதீர்கள். அவ்விடத்துக் கண்ணிகள் இழுபட்டு, உடை முடிந்த பின்னும் ஒரு வடுவாக நிற்கும். பல மாதங்கள் தொடப்போவதில்லை என்று தெரிந்தால், கண்ணிகளை ஊசியிலிருந்து மாற்று நிற நூலொன்றில் கோத்து, நுனிகளை முடிந்து வையுங்கள். ஊசியும் வேறு வேலைக்கு விடுபடும். ஊசியிலேயே நெடுநாள் கிடந்த வரிசை தழும்பேறியிருக்கும். திரும்ப எடுக்கும்போது அவ்வரிசையைப் பிரித்துவிட்டுத் தொடர்வதே சிறந்தது. கடற்கரைப் பங்குகளில் உள்ள சகோதரிகளுக்கு வலையின் கண்கள் நன்கு பழக்கமானவை. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சிட்டது. ஒன்று அறுந்தால் அது மட்டுமே அறும். பின்னலில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணி நழுவினால் அடி வரிசை வரை ஏணிபோல் இறங்கிவிடும். அவ்வாறு நழுவும் கண்ணியைப் பிடித்து நிறுத்தப் பையில் இரண்டு ஊக்குகளும் ஒரு குரோஷா ஊசியும் எப்போதும் இருக்கட்டும்.

இனி அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முடிவுபெறாத உடைகள் பலவற்றின் நோய்க்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. "இது அவனுக்குச் சேராது போலிருக்கிறதே" என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், கை தானாகவே தளர்ந்துவிடும். முன்கூட்டியே ஒரு மாதிரிச் சதுரம் பின்னிப் பார்த்திருந்தால் அச்சந்தேகத்துக்கே இடமில்லை. மார்புச் சுற்று 66 செ.மீ. வரவேண்டிய சிறுவனின் ஸ்வெட்டருக்கு முதுகுப்புறம் 33 செ.மீ. வேண்டும். 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்று மாதிரி கூறினால், 73 கண்ணிகள் ஏற்றுவோம். உங்கள் கை சற்றுத் தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணிகளே விழுந்தால், அதே 73 கண்ணிகள் முப்பத்தாறரை செ.மீ. அகலம் ஓடிவிடும், முன்னும் பின்னும் சேர்ந்து 73 செ.மீ. ஆகிவிடும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு, முடிவில் ஏழு செ.மீ.! கை தளர்ச்சியானால் மெல்லிய ஊசிக்கும், இறுக்கமானால் தடித்த ஊசிக்கும் மாறிக்கொள்ளலாம். சதுரத்தை ஊசியில் இருக்கும்போதே அளக்காமல், கண்ணி மூடி, நனைத்து, உலர்த்திய பிறகு அளக்க வேண்டும்.

குழந்தைகளின் வளர்ச்சியோ நம் ஊசியைவிட வேகமானது. பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளமிருக்கும் குழந்தை, முதலாண்டு நிறைவில் 75 செ.மீ. எட்டிவிடுகிறது. தலைச் சுற்றளவு 35 செ.மீ.யிலிருந்து 46 செ.மீ.க்கு உயர்கிறது. ஆகவே பிறக்கவிருக்கும் குழந்தைக்குப் பின்னும் சட்டையை, ஆறு மாதக் குழந்தைக்கு உரிய அளவில் தொடங்குவதே நலம். சாமுவேல் ஆகமத்தில் அன்னா தம் மகனைச் சீலோ ஆலயத்தில் விட்டுச் சென்றபின், ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போது அவனுக்குச் சிற்றாடை ஒன்று தைத்துக் கொண்டு வந்ததாகப் படிக்கிறோம். ஓராண்டாகக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அளவு பார்த்தது எப்படி என்பது, தாய்மார்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. ஊரில் அதே வயதுள்ள பிள்ளைகளை நிறுத்திப் பார்த்திருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். விடுதியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னும் தாய்மார்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். இயேசு பாலனுக்கு அன்னை மரியா செய்தளித்த தையலற்ற அங்கி, அவர் வளர வளரத் தானும் வளர்ந்தது என்று ஐரோப்பாவில் ஒரு பழைய மரபுக்கதை உண்டு. அத்தகைய கம்பளி நூல் நம் கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே மூன்று மாதங்களுக்கு மேல் பையில் கிடந்த வேலையை மீண்டும் எடுக்கும்போது, முதலில் உரியவரை அழைத்து நிறுத்தி அளந்து பாருங்கள்.

இரண்டாவது கை, இரண்டாவது காலுறை ஆகியவை பற்றிய சலிப்பு அனைவரும் அறிந்ததே. முதல் கையைப் பின்னும்போது இருந்த ஆர்வம், அதையே மறுபடியும் பின்னும்போது இருப்பதில்லை. இதற்கு எளிய வழி, நீண்ட ஊசியொன்றில் இரு கண்டுகளிலிருந்து நூல் எடுத்து, இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக ஒருசேரப் பின்னிவிடுவது. இடக்கையில் எந்த வரிசையில் கண்ணி கூட்டினோமோ, அதே வரிசையில் வலக்கையிலும் கூட்டிவிடுவோம். இரண்டும் ஒரே நீளமாக, ஒரே நாளில் முடியும். முன்புறம் திறந்த கார்டிகனின் இரு முன்பாகங்களையும் இவ்வாறே பின்னலாம்.

இவ்வளவும் செய்து, எல்லாப் பகுதிகளும் முடிந்து, ஊசியிலிருந்து இறங்கியபின்னரும் பைக்குள்ளேயே கிடக்கும் உடைகள்தாம் என்னை மிகவும் வருத்துகின்றன. முதுகு, மார்பு, இரு கைகள் என எல்லாம் தயாராக இருக்கும். இணைத்துத் தைக்கவில்லை, அவ்வளவே. பின்னுவது இன்பம், தைப்பது கூலி வேலை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஒரு மாத உழைப்பின் தோற்றத்தை நிர்ணயிப்பது அந்தக் கடைசி இரு மாலைகளே. பேசிக்கொண்டும், பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டுக்கொண்டும் பின்னிவிடலாம். இணைப்புத் தையலை அப்படிச் செய்ய முடியாது. பகல் வெளிச்சத்தில், மேசைமேல் பரப்பி வைத்து, அதற்கென்றே நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டும்.

தைக்கும் முன் ஒவ்வொரு பகுதியையும் அளவுக்குக் கொண்டுவருதல் அவசியம். உண்மையான கம்பளி நூலானால், குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, தடித்த போர்வையின் மேல் விரித்து, நாடாவால் அளந்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் நிறுத்தி நிழலில் உலர விடுங்கள். இன்று கம்பளி என்ற பெயரில் விற்கப்படும் நூல்களில் பல உண்மையில் அக்ரிலிக் ஆகும். ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டைத் தீயில் காட்டிப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் மணத்துடன் எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, கெட்டியான கரிய மணிபோல் உறையும். அக்ரிலிக் பின்னலின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது தட்டையாகித் துவண்டுவிடும். அதனை மீட்க வழியே இல்லை. எந்த நூலாயினும், இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும் ரிப் பட்டைகளுக்கு இஸ்திரி ஆகாது. அவற்றின் உயிரே சுருங்கி விரியும் தன்மையில் இருக்கிறது.

தையலுக்கு அதே நூலையும், முனை மழுங்கிய தடித்த ஊசியையும் பயன்படுத்துங்கள். முதலில் தோள்களை இணைத்து, பிறகு கழுத்துப் பட்டையைப் பின்னி, கைகளைத் தோளில் பொருத்தியபின், மணிக்கட்டிலிருந்து அக்குள் வரையிலும் அங்கிருந்து இடுப்பு வரையிலும் ஒரே ஓட்டமாகத் தைத்து முடிப்பது வழக்கமான முறை. நல்ல பக்கம் மேலே தெரியுமாறு இரு விளிம்புகளையும் அருகருகே வைத்து, கண்ணிகளுக்கு இடையேயுள்ள குறுக்கிழையை இப்புறமும் அப்புறமும் மாறி மாறி எடுத்து இழுத்தால், தையல் இருந்த இடமே தெரியாது. நூல் நுனிகளை முடிச்சிடாதீர்கள். முடிச்சு துவைப்பில் அவிழும், அல்லது குழந்தையின் மென்தோலை உறுத்தும். ஒரு சாண் நீளம் விட்டு, உட்புறமாகக் கண்ணிகளின் போக்கிலேயே செருகிவிட வேண்டும். இவ்வேலையைக் கடைசிக்கென்று வைக்காமல் கண்டு மாற்றும்போதெல்லாம் செய்து வந்தால், இறுதியில் இருபது நுனிகளும் ஒன்றாக நின்று நம்மை அச்சுறுத்தா. புதுக்கண்டை வரிசையின் ஓரத்திலேயே சேர்க்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கழுத்துப் பட்டையில்தான் கைதேர்ந்தவரும் தடுமாறுகிறார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில், மாஸ்டர் பெர்ட்ராம் என்னும் ஓவியரின் கைவண்ணமாகக் கருதப்படும், 1400-ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட ஒரு பீட ஓவியம் இருக்கிறது. புக்ஸ்டஹூடே என்ற ஊரையடுத்த பெனடிக்டின் கன்னியர் மடத்துக்கு உரியது அது. அதன் ஒரு பலகையில் அன்னை மரியா அமர்ந்து, குட்டை ஊசிகளை வட்டமாக நிறுத்திச் சிறிய அங்கியொன்றைப் பின்னுகிறார். அருகே புல்தரையில் நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்த குழந்தை இயேசு, சிலுவையும் ஈட்டியும் ஏந்தி வரும் வானதூதர்களைத் திரும்பிப் பார்க்கிறார். அருளப்பர் நற்செய்தியில் படைவீரர் சீட்டுப்போட்டு எடுத்துக்கொண்ட தையலற்ற அங்கியை ஓவியர் மனத்தில் கொண்டிருக்கிறார் என்பர். பின்னுவோர் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தென்படும்: அன்னை பின்னிக்கொண்டிருப்பது அங்கியின் கழுத்தை. உடலும் கைகளும் முடிந்துவிட்டன, எஞ்சியிருப்பது அதுவே. ஓவியர் இவ்வேலையை அருகிலிருந்து கண்டவராகவே இருக்க வேண்டும்.

அம்முறையில் ஒரு நன்மை உண்டு. வட்டமாகப் பின்னினால் பக்கத் தையலே இராது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்ற அம்மையார், தையல் வேலையை வெறுப்போருக்கெல்லாம் இவ்வழியையே 1971-இல் வெளியான தம் நூலில் பரிந்துரைத்தார். வளையும் கம்பியால் இணைக்கப்பட்ட வட்ட ஊசி இருந்தால் போதும். தையலே உங்கள் உடைகளைப் பைக்குள் தள்ளுகிறது என்றால், அடுத்த ஸ்வெட்டரை இவ்வாறு முயன்று பாருங்கள். எம்முறையாயினும், கழுத்தின் கடைசி வரிசையை ஓரிரு எண் தடித்த ஊசியால் தளர்த்தி மூட வேண்டும். இறுக்கி மூடிய கழுத்து, சிறுபிள்ளையின் தலையில் இறங்காது. குழந்தைக்கு உடலை ஒப்பிடத் தலையே பெரிது. ஆகவே ஒரு தோளில் திறப்பு வைத்து இரண்டு பொத்தான்கள் தைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உதவி. ரிப்பன்களும் கழுத்தைச் சுற்றும் கயிறுகளும் பார்வைக்கு அழகாயினும், கைக்குழந்தைக்கு அவை வேண்டாம். விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் உள்ள சித்திரப் பின்னலும் வேண்டாம்.

பையிலுள்ள அனைத்தையும் முடித்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உரியவருக்கு இனி எவ்வகையிலும் பொருந்தாத உடை, அதே அளவுள்ள வேறொரு பிள்ளைக்குப் போகட்டும். யாருக்கும் பயன்படாத வேலையைப் பிரித்துவிடலாம். நல்ல கம்பளி நூல் இரண்டாம் பிறவிக்குத் தகுதியானது. தந்தையின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து மகனுக்குப் பின்னிய தாய்மார்களை மலையூர்களில் நாம் நிறையக் கண்டிருக்கிறோம். இணைப்புத் தையல்களை முதலில் அறுத்து, கண்ணி மூடிய மேல்விளிம்பிலிருந்து பிரித்து வர வேண்டும். அடிவிளிம்பிலிருந்து பிரிக்க முயன்றால் நூல் சிக்கிக்கொள்ளும். பிரியப் பிரிய நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்த்தியாகக் கட்டி, மெல்லிய சோப்பு நீரில் அலசுங்கள். கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டால் நூலின் சுருள் நீங்கி நேராகும். சுருள் நீங்காத நூலில் உடனே பின்னினால் கண்ணிகள் மேடும் பள்ளமுமாக விழும். எஞ்சிய நூலில் சிறு குல்லாக்கள் பின்னலாம். ஒரு மாலைப்பொழுதே போதும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு தாய்ப் பராமரிப்பு முறையில், குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும்போது, அதன் உடலில் இருப்பவை அரைத்துணியும் காலுறையும் தலைக்குல்லாவுமே. அக்குழந்தைகளுக்கு மென்மையான, தளர்ந்த குல்லா தேவைப்படுகிறது. அருகிலுள்ள மருத்துவமனையில் கேட்டு, அவர்கள் விரும்பும் அளவிலும் நூலிலும் பின்னிக் கொடுங்கள். நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்குச் சமவெளி வெப்பத்தில், வீட்டினுள் உறங்கும்போது கம்பளிக் குல்லா வேண்டியதில்லை.

உடைகளை எடுத்து வைப்பது பற்றியும் ஓர் எச்சரிக்கை. பூச்சிக்கு அஞ்சிக் கம்பளி உடைகளின் இடையே நாப்தலீன் எனப்படும் அந்துருண்டையைப் போட்டு வைக்கிறோம். ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, அவ்வாவி ஏறிய உடையே இரத்த அணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். குறை இருப்பது பெற்றோருக்கு முன்கூட்டித் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே குழந்தையின் உடைகள் உள்ள பெட்டியில் அவ்வுருண்டைகள் வேண்டவே வேண்டாம். நன்கு துவைத்து, வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தாலே போதும்; வியர்வையும் பால் கறையும் படிந்த உடையையே அந்து முதலில் நாடுகிறது.

இனி, இம்மாத மடல்களில் ஒன்றுக்கு மட்டும் விரிவாக விடை கூற விழைகிறேன். மலைப்பகுதியைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுதுகிறார். அவருடைய தாயார், நான்கு வயதுப் பேரனுக்கென்று கருநீல நிறத்தில் கார்டிகன் ஒன்றைத் தொடங்கினார். முதுகும் இடப்பக்க முன்பாகமும் முடிந்திருந்தன. வலப்பக்க முன்பாகம் பாதியில் ஊசியில் நிற்க, அவர் இறைவனடி சேர்ந்தார். அது நடந்து இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. "பையனுக்கு இப்போது ஆறு வயது. அண்ணி, பிரித்துப் புதிதாகப் பின்னிவிடு, நூலாவது மிஞ்சும் என்கிறார். அம்மா பின்னியதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே வைத்திருக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

சகோதரியே, பிரிக்க வேண்டியதில்லை. நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையே பிள்ளை பன்னிரண்டு செ.மீ. போல் உயர்ந்திருப்பான், ஆனால் மார்புச் சுற்று நான்கு செ.மீ.க்கு மேல் கூடியிருப்பது அரிது. பாட்டிமார் சற்றுத் தாராளமாகவே பின்னுபவர்கள். ஆகவே உங்கள் தாயாரின் வேலை இன்றும் அகலத்தில் சேரும் என்றே நம்புகிறேன், அளந்து பாருங்கள். குறைவது நீளம் மட்டுமே. அடிவிளிம்பில் கண்ணிகளைப் பொறுக்கியெடுத்து, கீழ்நோக்கி ஏழெட்டு செ.மீ. பின்னிக்கொள்ளலாம். மேலிருந்து வந்த பின்னலும் கீழ்நோக்கிச் செல்லும் பின்னலும் அரைக் கண்ணி விலகியே பொருந்துமாதலால், ரிப்பின் மேல் ரிப்பைத் தொடர முயன்றால் கோணலாகத் தெரியும். இருபுறமும் பிளெயின் வரிசைகளாகவே, வேறு நிறத்தில் ஒரு பட்டை பின்னுங்கள். சாம்பல் நிறம் கருநீலத்துடன் பொருந்தும். இரண்டாண்டு கழிந்தபின் அதே லாட் நூல் கிடைக்காது என்பதால் இது இரட்டை நன்மை. மீதமிருக்கும் கருநீல நூல் முழுவதையும் வலப்பக்கத்தை முடிப்பதற்கென்று காத்து வையுங்கள். கைகள் இன்னும் தொடங்கப்படவில்லை அல்லவா? அவற்றை இன்றைய அளவுக்கே, முற்றிலும் சாம்பல் நிறத்தில் பின்னலாம்.

உங்கள் கையும் தாயாரின் கையும் ஒன்றாக இரா. அவர் முடித்துவைத்த இடப்பக்கத்தில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அந்நூலிலேயே ஒரு சிறு சதுரம் பின்னி, எண்ணிக்கை ஒத்துவரும் வரை ஊசியை மாற்றிப் பாருங்கள். வலப்பக்கத்தில் அவர் நிறுத்திய வரிசை ஊசியில் தழும்பேறியிருக்கும். அதைப் பிரித்துவிடும்படி மேலே எழுதினேன். இவ்வேலையில் அதைப் பிரிக்காதீர்கள். முதல் துவைப்பில் பெரும்பகுதி சரியாகிவிடும். எஞ்சுவது தெரிந்தாலும் குறையில்லை. இடப்பக்கத்தின் வரிசைகளை எண்ணி, வலப்பக்கமும் அதே எண்ணிக்கையில் தோளை எட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைச் சட்டையாதலால் காஜாக்கள் இடப்பக்கத்தில், அவர் முடித்த பாகத்திலேயே இருக்கும். பொத்தான் வாங்கச் செல்லும்போது அந்தப் பாகத்தைக் கையோடு கொண்டு சென்று, துளையில் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். அடிப்பட்டை கூடுவதால் கீழே ஒரு காஜா அதிகம் வைக்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பையனின் மார்புச் சுற்று, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீளம், உங்கள் சதுரத்தில் விழுந்த கண்ணிகள் ஆகிய மூன்றையும் எழுதியனுப்பினால், கைகளுக்கு எத்தனை கண்ணி ஏற்றுவது, எந்த வரிசைகளில் கூட்டுவது என்று கணக்கிட்டு அனுப்புகிறேன்.